பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கிய டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

"எழுதறதுன்னா எழுதிக்கோ அம்மிணி, எம் பேரப் போட்டீன்னா மட்டும் அப்புறம் பேச மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. ஆனால் நெருப்பெரிச்சலின் பழைய ஆட்கள் யாராவது இதைப் படித்தால் நாலு பத்தி தாண்டுவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

தனியாக உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம்தான். திருப்பூரைப் பற்றி அச்சில் வருவதெல்லாம் ஏற்றுமதி எத்தனை கோடி, நூல் விலை ஏறியதா இறங்கியதா, அமெரிக்கா வரி போட்டதா என்பதோடு முடிந்துவிடுகிறது. பனியன் கம்பெனியிலிருந்து பிள்ளைகளைக் கையோடு கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தவர்களைப் பற்றி எழுதுவார் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

நாங்கள் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வந்தது 2003-ல். தொடர்ந்து மழை பொய்த்துப்போன வருஷங்கள் அவை. அப்போது நெருப்பெரிச்சல் தனி ஊராட்சி. மாநகராட்சிக்குள் வந்தது பிறகுதான். பி.என். ரோட்டை விட உள்ளே தள்ளி இருந்ததால் வாடகை குறைவு. ஒரே வரிசையில் பத்து வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, எல்லாருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ் என்று காம்பவுண்டு வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு லோடு ஏற்றும் வேலை, அம்மாவுக்குச் செக்கிங். ஏழாம் வகுப்பில் பாதியில் நின்ற எனக்குக் கைமடி.

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். டைலருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வெட்டின பீஸை எடுத்துக் கொடுக்க வேண்டும். தைத்து விழுவதை வாங்கி, நூலை நறுக்கி, மடித்து, டஜன் டஜனாகக் கட்ட வேண்டும். டைலருக்குப் பீஸ் ரேட். அவர் கை ஓடுகிற வேகத்துக்கு நம் கையும் ஓடணும். ஒரு ஷிப்ட் காலை எட்டரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் பொடிசுகளை எல்லாம் துணி ரோலுக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுவார்கள். எங்களுக்கு அது விளையாட்டு. ஜீப்பில் வருகிறவர்கள் யார், எதற்காக வருகிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நீங்கள் ஜீப்பில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லாரும் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கையில் ஒரு நோட்டோடு நடந்து வந்தீர்கள். கல்வி கண் போன்றது, பெண் படித்தால் குடும்பமே படித்த மாதிரி என்றெல்லாம் நீங்கள் ஆரம்பித்திருந்தால் அம்மா "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டி அனுப்பியிருப்பாள். அப்படி வந்துபோனவர்கள் இருந்தார்கள். நீங்கள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது ஒரே கேள்வி: "வாரத்துக்கு எவ்வளவுங்க கொண்டாருது புள்ள?"

நூற்றைம்பது என்றாள் அம்மா. அது எதற்குப் போகிறது என்றீர்கள். வாடகைக்கு அப்பா சம்பளம், அரிசிக்கு அம்மா சம்பளம். என் நூற்றைம்பது சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிற வார வட்டிக்காரருக்கு. ஊரிலிருந்து வரும்போது வாங்கிய கடன். அசல் அப்படியே இருந்தது. "அப்ப புள்ளய வட்டிக்கு உட்டுருக்கறீங்க" என்று சொன்னீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னீர்கள். அம்மா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.

அடுத்த வாரம் நீங்கள் மகளிர் குழுத் தலைவியோடு வந்தீர்கள். மகளிர் திட்டத்துக் குழுக்கள் அப்போது எங்கள் பக்கமும் பரவிக்கொண்டிருந்தன. அம்மாவைச் சேர்த்துவிட்டு, குழுவில் கடன் வாங்கவைத்து, வட்டிக்காரரின் அசலை அடைக்கவைத்தீர்கள். இதற்குச் சில மாதங்கள் ஆயின. அத்தனை மாதமும் விடாமல் வந்தீர்கள். அடைத்த மறுவாரமே நான் உங்கள் மையத்தில் இருந்தேன்.

பெண் கல்விக்குத் தடை பெற்றவர்களின் அறியாமை என்று இப்போதும் மேடைகளில் பேசுகிறார்கள். எங்கள் காம்பவுண்டில் யாருக்கும் படிப்பின் அருமை தெரியாமல் இல்லை. சனிக்கிழமையைச் சமாளிக்கத்தான் வழி தெரியவில்லை. முதலில் சனிக்கிழமையைச் சரிசெய்ய வேண்டும் என்று புரிந்துகொண்ட ஆளாக நான் பார்த்தது உங்களைத்தான்.

மையம் என்றால் ஒரு குடோனுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளி. 9 முதல் 14 வயது வரை, எந்த வகுப்பில் நின்றவர்களும் அங்கே ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். மதியம் சாப்பாடு. மாதம் 100 ரூபாய் எங்கள் பெயரில் கணக்கில் சேரும். வழக்கமான பள்ளிக்குப் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம். திட்டம் அவ்வளவுதான். மீதியெல்லாம் நீங்கள்.

முதல் நாள் எங்களை என்ன தெரியும் என்று கேட்டீர்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு "நாலு டஜன்னா எத்தனை பீஸ்?" என்றீர்கள். அறை முழுக்க "நாப்பத்தெட்டு". ஏழு டஜன்? எண்பத்து நாலு. கைமடிக்கிற பிள்ளைக்கு அது தூக்கத்திலும் வரும். பலகையில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை எழுதி, இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், மிச்சம் இருப்பதெல்லாம் இதைவிடச் சுலபம் என்றீர்கள். ஊர் உலகத்தில் இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்குவார்கள், நாங்கள் பன்னிரண்டில் தொடங்கி இறங்கி வந்தோம். ஐந்தாம் வாய்ப்பாட்டுக்குப் பனியன் சைஸ்: 75, 80, 85, 90. இங்கிலீஷ் எழுத்தில் எஸ், எம், எல், எக்ஸ் நான்கும் லேபிளிலிருந்தே வந்துவிட்டன. ஒரு பீஸுக்கு இத்தனை பைசா என்றால் இத்தனை டஜனுக்கு எவ்வளவு, கான்ட்ராக்டர் கொடுத்தது எவ்வளவு என்று ஒரு நாள் கணக்குப் போடச் சொன்னீர்கள். கைமடிப் பிள்ளைகள் அந்தச் சனிக்கிழமை எல்லார் வீட்டிலும் ஒரு கணக்குச் சொல்லப்போய், அடுத்த திங்கள் ஒரு கான்ட்ராக்டர் மையத்துக்கே வந்து சத்தம் போட்டார். நீங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பலகையில் அந்தக் கணக்கை மறுபடி போட்டுக் காண்பித்தீர்கள்.

உங்களுக்கு அப்போது மதிப்பூதியம் மாதம் 1,500 ரூபாய் என்பது எங்களுக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். எங்கள் லைனில் ஓவர்லாக் அடித்த அண்ணன் உங்களைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார். பி.எட். படித்த ஒருவர் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து பேக்கிங் லிஸ்ட் டைப் அடித்திருந்தாலே இரண்டு மடங்கு கிடைத்திருக்கும். குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்தது என்று அறிக்கைகள் வந்தபோது, அந்தக் குறைவு எத்தனை பேருடைய குறைந்த சம்பளத்தில் வந்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

எட்டாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது டி.சி. கேட்டார்கள். ஊருக்குப் போய் வாங்கிவர அப்பா இரண்டு நாள் கூலியை விட வேண்டும். நீங்கள் பழைய பள்ளிக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டு, பதில் வராமல் மறுபடி போட்டு, கடைசியில் அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போன உங்கள் சொந்தக்காரர் மூலமாக வாங்கிவிட்டீர்கள். இன்றைக்கு இந்தத் தொல்லை சட்டப்படி இல்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல், டி.சி. தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்தை முதல்முறை படித்தபோது, நீங்கள் தபாலாபீஸுக்கு அலைந்ததை யாரோ பார்த்துவிட்டு எழுதினார்கள் என்று தோன்றியது.

வகுப்பில் எல்லாரையும்விட நான் பெரியவள். ஒன்பதாவதில் மாதவிடாய் நாட்களில் லீவு போட ஆரம்பித்தேன். காரணம் கேட்டீர்கள், சொல்ல வெட்கமாக இருந்தது. பெண்களுக்கான கழிவறை பூட்டிக்கிடந்தது, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உங்கள் மையத்தை விட்டுப் போன பிள்ளை, உங்கள் பள்ளியும் இல்லை. இருந்தும் வந்து பேசி, பூட்டை மாற்றி, ஒரு சாவியைப் பத்தாம் வகுப்புப் பெண்களிடமே கொடுக்கவைத்தீர்கள். அந்த வருஷம் அதற்குப் பிறகு நான் லீவே போடவில்லை. பெரிய திட்டம் எதுவும் இல்லை, ஒரு பூட்டு.

என் பெரியம்மா மகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வயது மூத்தவள். அப்போது ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பம். தரகர் ஒருவர் வந்து, மூன்று வருஷம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கூட்டிப்போனார். திருமகள் திட்டம், சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று எத்தனையோ பெயரில் நடந்தது அது. உள்ளேயே விடுதி, வாரத்தில் ஒரு நாள் வார்டன் கூட வர வெளியே போகலாம், வீட்டுக்குப் போன் என்றால் பக்கத்தில் ஆள் நிற்கும். மூன்று வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கையில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தாள். மொத்தப் பணம் வரவில்லை. அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவளுக்கு நீங்கள் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது உங்களுக்கு நன்றி சொல்கிற சந்தோஷம் முழுசாக வரமாட்டேன் என்கிறது.

கல்யாணப் பணத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. நான் பத்தாவதைத் தாண்டியது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவியாலும்தான். 1989-ல் தொடங்கியபோது எட்டாவது படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். பிறகு பத்தாவது என்று ஆனது. "பத்து முடிச்சா கவர்மெண்டே கல்யாணத்துக்குக் குடுக்குதாமே" என்று அம்மா யாரிடமோ கேட்டுவந்து சொன்னாள். என்னைப் பத்தாவது பரீட்சைக்கு உட்காரவைத்தது பாதி நீங்கள், பாதி அந்த வதந்தி. 2012-ல் என் கல்யாணத்தின்போது நான்கு கிராம் தங்கமும் 25,000 ரூபாயும் வந்தன. விண்ணப்பத்தில் இருந்த பெயரைப் பார்த்து இந்தம்மா யார் என்று கேட்டேன். பெண்களைத் தேவதாசியாக்கிப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், அந்த வழக்கம் இருந்த குலத்திலேயே பிறந்தவர், 1936-ல் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதியவர், 1938-ல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து சிறைக்குப் போனவர் என்று சொன்னீர்கள். "அந்தம்மா பேருல தாலிக்குத் தங்கமா" என்று நீங்களே சிரித்தீர்கள். 2022 செப்டம்பர் 5 முதல் அதே பெயர் புதுமைப் பெண் திட்டத்துக்குப் போய்விட்டது: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். தாலிக்குத் தங்கத்தை நிறுத்தலாமா என்று எங்கள் தெருவிலும் வாய்ச்சண்டை நடந்தது. நான் வாங்கியவள், அது பிரயோஜனமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் தாலி கட்டுகிற அன்றைக்கு வருவதும், படிக்கிற மாதமெல்லாம் பெண்ணின் கணக்கிலேயே வருவதும் ஒன்றல்ல. பெரியம்மா மகளின் பெண் இப்போது எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரிக்குப் போகிறாள். அந்த ஆயிரத்தில்தான் அவளுடைய ஜெராக்ஸும் செமஸ்டர் செலவும். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துக்குத் தனியாகக் காசு கேட்க வேண்டியதில்லை. காலேஜுக்குப் போக அப்பனிடம் தினமும் பஸ் காசு கேட்டு நின்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகும் நீங்கள் விடவில்லையே! மகள் பிறந்து ஆறேழு மாதம் இருக்கும், தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவளிடம் பிளஸ் டூ தனித்தேர்வு விண்ணப்பத்தை நீட்டினீர்கள். என் வீட்டுக்காரரிடம் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பரீட்சை நாட்களில் அவர் குழந்தையோடு பள்ளி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ். இந்தக் கடிதத்தில் ஒற்றுப்பிழை இருந்தால் அந்தப் பாடப்புத்தகங்களைத் திட்டுங்கள்.

கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது காம்பவுண்டுப் பிள்ளைகள் மறுபடி கம்பெனிப் பக்கம் நகர ஆரம்பித்ததை நான் கண்ணெதிரே பார்த்தேன். செல்போன் ஒன்று இருக்கும் வீட்டில் அது அண்ணன் கைக்குப் போகும், தங்கச்சிக்குப் பிசிறு வெட்டுகிற கத்தரி. 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்விக்குத் தன்னார்வலர் கேட்டதும் பெயர் கொடுத்தேன். மாதம் 1,000 ரூபாய். சாயங்காலம் எங்கள் வாசலிலேயே வகுப்பு. முதல் நாள் பலகையில் என்ன எழுதினேன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அங்கேதான் ஒரு ஒடியா பிள்ளை வந்து நின்றது. பதினொரு வயதிருக்கும். இடுப்பில் தம்பி. வகுப்புக்கு வரவில்லை, வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். தம்பி அழுதால் போய்விடும். இப்போது எங்கள் காம்பவுண்டில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள். "இந்திக்காரங்க" என்று எல்லாரையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். ஒடியாக்காரருக்கு இந்தி அரைகுறை என்பதுகூட நமக்குத் தெரியாது. 2003-ல் எங்களை "தெக்கத்திக்காரங்க" என்று கூப்பிட்டு வீடு தர யோசித்தார்கள், ஞாபகமிருக்கிறதா? அன்றைக்கு அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள்தான் இன்றைக்கு இவர்களுக்கு வீடு தர யோசிக்கிறோம்.

அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய் உங்கள் கேள்வியைக் கேட்டேன். பிள்ளை சம்பாதிக்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்கிறது. பார்க்காவிட்டால் அம்மா ஷிப்டுக்குப் போக முடியாது. அங்கன்வாடி மூடுகிற நேரத்துக்கும் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கும் இடையில் குழந்தையை யாரிடம் விடுவது? 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் அப்போது இருந்தது. அந்தம்மா வேலை செய்தது இருபது மெஷின் போட்ட ஜாப் ஒர்க் ஷெட். சட்டம் அந்த வாசற்படி ஏறவில்லை. 14 வயதுக்குக் கீழ் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016-ல் திருத்தம் வந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நிற்பது எந்தச் சட்டத்திலும் வேலையே இல்லை. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று அதே திருத்தம் ஒரு சந்தும் விட்டிருப்பதால், மூட்டையில் வீட்டுக்கு வருகிற பிசிறு வெட்டும் வேலையும் தப்பித்துக்கொள்கிறது. பையன்கள் கணக்கில் பிடிபடுவார்கள். வீட்டுக்குள் இருக்கிற பெண் பிள்ளைகளை எந்தக் கணக்கெடுப்பும் எளிதில் பிடிப்பதில்லை.

எதிர்வீட்டுப் பாட்டி சாயங்காலம் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். காலையில் அங்கன்வாடி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆதார் ஒடிசா முகவரியில், பிறப்புச் சான்று இல்லை, டி.சி. இல்லை. தலைமையாசிரியை சட்டம் தெரிந்தவர், ஒரு வார்த்தை மறுபேச்சு இல்லாமல் சேர்த்துக்கொண்டார். முதல் இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். கணக்கில் மட்டும் கை தூக்கியது. இப்போது ஜி.ஹெச்.சுக்கு அந்தம்மா போனால் டாக்டர் சொல்வதை ஒடியாவில் மாற்றிச் சொல்வது இவள்தான், கூடவே ஷெட் கான்ட்ராக்டரிடம் சம்பளக் கணக்கு கேட்பதும் இவள்தான். கான்ட்ராக்டருக்கு இதில் மகிழ்ச்சி இல்லை என்று கேள்வி.

என் மகள் இந்த வருஷம் ஏழாவது. டஜன் கணக்கு அவளுக்கு வராது, தேவையும் இல்லை.

டீச்சர், நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள். முழங்கால் வலி என்றும் சொன்னீர்கள். ஏப்ரல், மே மாதம் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியப் பயிற்றுநர்கள் வருவார்கள். இந்த முறை நானும் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் வேலை நாளில் பகலில் வருகிறார்கள். அந்த நேரத்தில் காம்பவுண்டில் பூட்டுதான் தொங்கும். ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்துக்குள், துவைக்கிற நேரத்தில் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாறைக்குழிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஷெட்டுகளில் இருந்து தொடங்கலாமா, இல்லை வாவிபாளையம் ரோட்டிலிருந்தா? எந்த வீட்டில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன், பழைய நோட்டை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவி,
நெருப்பெரிச்சல்